‘ஆயா ராம், கயா ராம்’ கதையில் யாரும் சிரிக்காத ஆட்கள்

எந்த மாநிலத்தில் எந்தச் சட்டமன்ற உறுப்பினர் கட்சி தாவினாலும், மறுநாள் நாளிதழ்களில் ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற சொற்றொடர் தவறாமல் வந்துவிடும். இந்தியில் ‘ஆயா’ என்றால் வந்தார், ‘கயா’ என்றால் போனார். (நம் ஊர் ஆயாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இதற்குக் காரணமான கயா லால், ஹரியானாவின் ஹசன்பூர் தனித்தொகுதியில் 1967-இல் சுயேச்சையாக வென்ற ஒரு சாதாரண உறுப்பினர். அறுபது ஆண்டுகளாகக் கட்சி மாறிகளுக்கெல்லாம் அவர் பெயரையே சூட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பு ஆள் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு என்பதுதான் என் வருத்தம்.

1966 நவம்பர் 1 அன்று பிறந்த ஹரியானா, அடுத்த சில மாதங்களிலேயே தன் முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்தது. 81 இடங்களில் காங்கிரஸுக்கு 48, சுயேச்சைகளுக்கு 16. தெளிவான பெரும்பான்மையோடு பகவத் தயாள் சர்மா முதல்வரானார். ஆனால் சபாநாயகர் தேர்தலில் அவர் நிறுத்திய வேட்பாளரை, அதே காங்கிரஸ் சின்னத்தில் வென்று வந்த ராவ் பிரேந்தர் சிங் தோற்கடித்தார். காங்கிரஸிலிருந்து 12 பேர் வெளியேற, பதவியேற்ற இரண்டே வாரங்களில் சர்மாவின் ஆட்சி கவிழ்ந்தது. சபாநாயகர் நாற்காலியில் ஒரு வாரம்கூட முழுதாக உட்கார்ந்திராத பிரேந்தர் சிங், மார்ச் 24 அன்று, காங்கிரஸிலிருந்து வெளியேறியவர்களும் எதிரணியினரும் சேர்ந்த ஐக்கிய முன்னணியின் முதல்வராகிவிட்டார்.

இந்த இழுபறியில் சிக்கிய உதிரி உறுப்பினர்களில் ஒருவர்தான் கயா லால். சுயேச்சையாக வென்று காங்கிரஸில் சேர்ந்தவர், அங்கிருந்து ஐக்கிய முன்னணிக்குப் போனார், காங்கிரஸுக்குத் திரும்பினார், திரும்பிய ஒன்பது மணி நேரத்துக்குள் மறுபடியும் முன்னணிக்கே வந்து சேர்ந்தார். எல்லாம் பதினைந்து நாள்களுக்குள். அவரைச் சண்டிகரில் செய்தியாளர்கள் முன் கொண்டுவந்து நிறுத்தி, ‘கயா ராம் இப்போது ஆயா ராம் ஆகிவிட்டார்’ என்று அறிவித்தவர் பிரேந்தர் சிங். பெயரிலேயே ‘போனார்’ என்பதைச் சுமந்திருந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்த அந்தச் சிலேடைக்கு அன்று அறையே சிரித்திருக்கும். சிலேடை சொன்னவரும் சில நாள்களுக்கு முன் கட்சி மாறி வந்தவர்தானே என்ற கேள்வி மட்டும் காலப்போக்கில் காணாமல் போய்விட்டது.

ரேவாரி அரச குடும்பத்தில் வந்த பிரேந்தர் சிங் பிறகு தனிக்கட்சி நடத்தினார், அதைக் காங்கிரஸிலேயே கரைத்தார், 1980-களில் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் வேளாண்துறையை வகித்தார். அவர் பெயர் எந்த வசைச்சொல்லாகவும் மாறவில்லை. தனித்தொகுதியிலிருந்து வந்த ஒரு தலித் உறுப்பினரின் பெயர் மாறியது. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கயா லாலை நியாயப்படுத்த நான் வரவில்லை. வாக்களித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு தடவை இடம் மாறியது துரோகம்தான். ஆனால், இந்தத் தொற்றை ஆராய்ந்த, அன்றைய உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவான் தலைமையிலான குழு ஒரு கணக்கைச் சொன்னது: பல மாநிலங்களில் கட்சி மாறிய 210 உறுப்பினர்களில் 116 பேர், தாங்கள் உருவாக்க உதவிய ஆட்சிகளிலேயே அமைச்சர்களானார்கள். தாவுகிறவர் இருந்தால், நாற்காலியைக் காட்டி அழைக்கிறவரும் இருந்தாக வேண்டும். அழைத்தவரைக் கேலி செய்ய நம்மிடம் இன்றுவரை ஒரு சொல் இல்லை.

1985-இல் 52-ஆவது திருத்தமாக வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்திலும் இதே பாரபட்சத்தைத்தான் பார்க்கிறேன். வென்ற பிறகு ஏதேனும் ஒரு கட்சியில் சேரும் சுயேச்சை பதவியிழப்பார் என்பது அதன் விதி. அன்றே அது இருந்திருந்தால் கயா லாலின் கதை முதல் தாவலோடு முடிந்திருக்கும். ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து உடைத்தால் மட்டும் அதே சட்டம் ‘பிளவு’ என்று மரியாதையாகப் பெயர் சூட்டி விட்டுவிட்டது. 2003-இல் அந்தச் சலுகையை நீக்கினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வேறொரு கட்சியோடு ‘இணைந்தால்’ தவறில்லை என்ற வாசலை மூடவில்லை. சில்லறையாகத் தாவினால் குற்றம், மொத்தமாகத் தாவினால் இணைப்பு.

மொத்த வியாபாரத்துக்கும் ஹரியானாவே வழிகாட்டியது. 1980 ஜனவரியில் ஜனதா முதல்வர் பஜன் லால் தன் அமைச்சரவையோடு அப்படியே காங்கிரஸுக்குப் போய், முதல்வராகவே தொடர்ந்தார். கயா லாலோ ஆர்ய சபா, லோக் தளம் என்று சிறு கட்சிகளைச் சுற்றி, 1977-இல் ஜனதா வேட்பாளராக அதே ஹசன்பூரில் மீண்டும் வென்றதோடு சரி. அவர் மகன் உதய் பான் 2022-இல் மாநிலக் காங்கிரஸ் தலைவரானபோதும், அப்பாவின் சொற்றொடரைத்தான் செய்திகள் முதலில் எடுத்துப் போட்டன.

அதே 2022 செப்டம்பரில் கோவாவின் 11 காங்கிரஸ் உறுப்பினர்களில் 8 பேர் பாஜகவில் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு பேர் போதவில்லை என்பதால் எட்டு.