செத்த இடத்துல எழுதுற கணக்கை வச்சு எங்க ஊரை எடை போடாதீங்க

ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்றீங்களே, எங்க தர்மபுரி மாவட்டத்தை பத்தின அந்த புள்ளிவிவர கார்டு, அதை பத்தி தான். பேச வேண்டாம்னு தான் இருந்தேன், ஆனா நேத்து எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புக்கே வந்துடுச்சு, அதுவும் எங்க சித்தி இருக்கற குரூப்பு. ஒரு பக்கம் எதால சாகுறாங்கன்னு கலர் கலரா கட்டம், இன்னொரு பக்கம் எத்தனை பேர் வேலைக்கு போறாங்கன்னு கட்டம், கீழ "தர்மபுரிக்காரன் உழைக்கவும் மாட்டான், உடம்பையும் பாத்துக்க மாட்டான்"னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக தான் இவ்ளோ எழுதுறேன்.

நம்ம நாட்டுல சாவு எங்க நடந்துச்சோ அங்க தான் பதிவு பண்ணுவாங்க. 1969 சட்டம் அப்படி. பொறந்த ஊரு, ரேஷன் கார்டு இருக்கற ஊரு, ஓட்டு போடுற ஊரு எதுவும் இல்ல, உயிர் போன ஊரு. எங்க சித்தப்பா பென்னாகரம் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல பெங்களூருல சென்ட்ரிங் வேலை, பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் தான் ஊருக்கு வருவாரு. சாரத்துல இருந்து விழுந்து ரெண்டாம் நாள் அங்க ஆஸ்பத்திரியிலயே போயிட்டாரு. ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து எங்க நிலத்துல தான் அடக்கம் பண்ணோம், ஆனா சாவு அந்த ஊர் கணக்குல. அவர் உழைச்சதும் அந்த ஊர் கணக்குல தான். இப்ப சொல்லுங்க, எங்க சித்தப்பா உழைக்காதவரா?

சாவு பதிவு பண்ற ஃபாரத்துல செத்தவர் குடியிருந்த ஊரும் கேக்குறாங்களே, அதை வச்சு பிரிச்சிடலாமேன்னு ஒரு நண்பர் இன்பாக்ஸ்ல எழுதியிருந்தாரு. கேக்குறாங்க, இல்லன்னு சொல்லல. அன்னிக்கு நாங்க பொணத்தை வாங்க போஸ்ட்மார்ட்டம் ரூம் வாசல்ல நின்னுட்டு இருந்தோம், விவரம் சொன்னது கூட வேலை செஞ்ச மேஸ்திரி, சித்தப்பா தங்கியிருந்த ஷெட்டு ஏரியா பேரை சொல்லிட்டாரு. மேஸ்திரியை குத்தம் சொல்ல முடியுமா, வருஷத்துல பத்து மாசம் சித்தப்பா அங்க தானே இருந்தாரு.

இதுக்கு நேர் எதிரா தொப்பூர் கணவாயை பாருங்க. அந்த இறக்கத்துல பிரேக் புடிக்காம லாரி மோதி சாகுற டிரைவர் எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் பதிவு இங்க தான். எங்க ஆளு சாவு அங்க, யாரோ பெத்த புள்ளை சாவு இங்க. இதை வச்சு நீங்க எங்க குணத்தை சொல்றீங்க.

அடுத்து, எதால செத்தாங்கன்றது. 2020ல நாடு முழுக்க பதிவான சாவுல 22.5 சதவீதத்துக்கு தான் டாக்டர் காரணம் எழுதி சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. தமிழ்நாடு அதைவிட மேல தான், ஒத்துக்குறேன். ஆனா வீட்டுல சாகுற கிழவிக்கு யாரு எழுதுறா? எங்க பாட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டப்ப "வயசாயிடுச்சுங்க"ன்னோம், அதையே எழுதிக்கிட்டாங்க. பாட்டிக்கு நாப்பது வயசுலயே முட்டி மடங்காது, முதுகு நிமிராது, களை வெட்ட குனிஞ்சா யாராவது தூக்கி விடணும். போர் தண்ணியில இருந்த ப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டுனா ஆகாதுன்னு வச்சிருக்காங்க, அதெல்லாம் தெரியாம ஆயுசு முழுக்க அதையே குடிச்சாங்க. ப்ளோரைடு ஆளை கொல்லாது, அதனால சாவு கணக்குல வராது, ஆனா வேலை செய்ய விடாது. உங்க ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல எங்க பாட்டி மாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கு தெரியுமா. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல தான் தொறந்தாங்க, அதுக்கு முன்னாடி குடிச்சதெல்லாம் எலும்புல ஏறிடுச்சே.

ஓசூர்ல டைட்டன் இருக்கு, லேலண்ட் இருக்கு, போச்சம்பள்ளியில ஓலா வந்துடுச்சு, போக வேண்டியது தானேம்பீங்க. போறாங்க. ஆனா அதெல்லாம் 2004லயே கிருஷ்ணகிரி மாவட்டமா பிரிஞ்சு போச்சு, அங்கயே ரூம் எடுத்து தங்குற எங்க பசங்களும் அந்த கணக்கு தான்.

எங்க சித்தி இப்ப மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரிக்கு போறாங்க, தை மாசி பங்குனியில புளி தட்ட போறாங்க, மீதி நாள் கிடைச்சா நூறு நாள் வேலை. சென்சஸ்ல வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு குறைவா வேலை செஞ்சவங்களுக்கு மார்ஜினல் ஒர்க்கர்னு பேரு, முழு வேலையாள்னு எழுத மாட்டாங்க. கடைசியா எடுத்து முடிச்சது 2011ல, அப்ப கணக்கெடுக்க வந்தவங்க கிட்ட வீட்டுல இருந்த பெரியவங்க "அவ சும்மா வீட்ல தான் இருக்கா"ன்னு சொல்லியிருக்காங்க. அப்பவும் சித்தி காலையில அஞ்சு மணிக்கு மாட்டுக்கு தண்ணி காட்டிட்டு கூலிக்கு போனவங்க தான். புளி தட்டி தட்டி கையில ரேகையே இல்ல, ரேஷன் கடை மெஷின் அவங்க விரலை எடுக்க மாட்டேங்குது.

நேத்து ராத்திரி அந்த கார்டை பாத்துட்டு சித்தி எனக்கு போன் பண்ணாங்க. கோவமா பேசல. "இதுல உங்க சித்தப்பா எந்த கலர்ல இருக்காரு கண்ணு"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல. சாப்டியான்னு கேட்டுட்டு வச்சிட்டாங்க.

ஷேர் பண்ணவங்க பாதி பேர் என் பிரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்கீங்க, எங்க கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டு போனவங்களும் இருக்கீங்க. கட்டத்தை வேணா வச்சுக்கோங்க. கீழ இருக்கற அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க, எங்க சித்தி மறுபடியும் குரூப்பை தொறக்கறதுக்குள்ள.