தகவல் கிடைக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை
வடசென்னை இளைஞர்களுக்கு எச்.ஐ.வி. பற்றிய தகவலே போய்ச் சேருவதில்லை என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கைப்பேசி வழியாக அளவுக்கு மீறிச் சேருகிறது, அதில் பாதி புரளி. வியாசர்பாடியில் மாலை நேரங்களில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். திரையரங்க இருக்கையில் ஊசியைச் செருகி நோயைப் பரப்புகிறார்கள் என்ற பழைய வாட்ஸ்அப் கதையை இன்றும் நம்பிப் பகிர்கிறார்கள். பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன், மற்றவர்கள் போகும்வரை செருப்பைத் தேடுவதுபோல வாசலிலேயே நின்றுவிட்டு, கொசு கடித்தால் வருமா, நோயாளி சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டால் வருமா என்று கேட்டான். இரண்டாலும் வராது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பிறருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழிகள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தாலே போதும் என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் எய்ட்ஸ் பற்றி இருக்கத்தான் செய்கிறது ஐயா. ஆனால் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வதோடு சரி, வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? இந்தியாவில் இந்தத் தொற்றை 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் முதன்முதலில் கண்டறிந்ததே இந்தச் சென்னையில்தான். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைத்திருக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. கட்டுரையாளர் அந்த எண்ணையாவது சேர்த்திருக்கலாம்.