தலைவர் இருக்கட்டும், செயற்குழுவுக்கு ஓட்டை எப்படி எண்ணப் போகிறோம்?

எங்கள் சங்கத்தில் துணைவிதிகளைத் திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். போன தேர்தலில் ஓட்டு எண்ணியவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது. மூன்றிலும் தலைவர் பதவிக்கு எந்த முறையில் ஓட்டுப் போடுவது என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பேச்சு வீண் என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர் நின்று 38, 33, 29 என்று ஓட்டுப் பிரிந்தால் 38 வாங்கியவர் தலைவர். மீதி 62 பேரில் எத்தனை பேருக்கு அவர் பரவாயில்லை, எத்தனை பேருக்கு ஆகவே ஆகாது என்பதை ஒரே ஒரு டிக் உள்ள சீட்டிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. முதல் இரண்டு இடம் பிடித்தவர்களை மட்டும் வைத்து இரண்டாம் சுற்று நடத்தினால் சரியாகிவிடும் என்றார் ஒரு மூத்த உறுப்பினர். 2002-இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலை அப்படித்தான் வைத்திருந்தார்கள். முதல் சுற்றில் 16 பேர் நின்றதில் இடதுசாரி ஓட்டுகள் சிதறி, 16.18 சதவீதம் வாங்கிய பிரதமர் ழோஸ்பன் வெளியேறினார். 16.86 வாங்கிய தீவிர வலதுசாரி லெ பென் இரண்டாம் சுற்றுக்குப் போய், அங்கே அப்போதைய அதிபர் சிராக்கிடம் 82-க்கு 18 என்று தோற்றார்.

சரி, 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதச் சொல்லலாம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரைக் கழித்து, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு நகர்த்த வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது, 1969-இல் வி.வி.கிரி இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ணிய பிறகுதான் ஜெயித்தார். ஆனால் அதிலும் குறை உண்டு. அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் 2009-இல் மற்ற இருவரில் யாருடன் தனியாக மோதியிருந்தாலும் ஜெயித்திருக்கக்கூடிய மான்ட்ரோல், முதல் விருப்ப ஓட்டு குறைவு என்பதால் கடைசி மூவரில் முதலில் கழிக்கப்பட்டார். அடுத்த வருடமே ஊர்க்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி அந்த முறையைத் தூக்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஒரே பதவிக்கு ஒப்புதல் ஓட்டு போதும். இவர் தலைவராக இருந்தால் எனக்குச் சம்மதம் என்று தோன்றும் எல்லோருக்கும் டிக். அதிக டிக் வாங்கியவர் தலைவர். அணித் தலைவர்கள் "நம்ம ஆளுக்கு மட்டும் போடு" என்று சொல்லி அனுப்பினால் பழைய கதையே திரும்பும், தெரியும். ஆனால் பழைய கதையை விட மோசமாகாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். செயற்குழு. ஒன்பது இடம், ஆளுக்கு ஒன்பது ஓட்டு. இதைப் பற்றி மூன்று கூட்டத்திலும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

போன முறை நான் எண்ணியபோது முதல் பத்துச் சீட்டு வரை பெயர்களை உரக்க வாசித்தேன். இருபதாவது சீட்டில் நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. ஒன்று இந்த அணியின் ஒன்பது பேருக்கும் டிக், இல்லாவிட்டால் அந்த அணியின் ஒன்பது பேருக்கும் டிக், கார்பன் வைத்து எழுதியது போல. சீட்டுகளை இரண்டு அடுக்காகப் பிரித்தாலே எண்ணிக்கை முடிந்த மாதிரி. ஒரு அடுக்கு கொஞ்சம் உயரம், இன்னொன்று கொஞ்சம் குட்டை. உயரமான அடுக்குக்கு ஒன்பது இடமும் போயிற்று. குட்டை அடுக்குக்கு ஒன்றுகூட இல்லை.

யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. கூட்டலிலும் பிழை இல்லை, மூன்று முறை பார்த்தேன். ஆனால் நூற்றுக்கு 53 பேர் ஒரு பக்கம், 47 பேர் மறுபக்கம் என்றால் 9-0 என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தோற்ற அணியில் வரவு செலவு நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரும் வெளியே. அப்புறம் அந்தப் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கு ஒற்றை மாற்று வாக்கு என்று ஒரு முறை இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சீட்டில் 1, 2, 3 என்று வரிசை போடுகிறோம். நூறு ஓட்டு, ஒன்பது இடம் என்றால், இடத்தை விட ஒன்று கூடுதலாக, அதாவது பத்தால் நூறை வகுத்து ஒன்றைக் கூட்டு: 11. பதினொன்று வாங்கியவர் உள்ளே. அவருக்கு மிஞ்சிய ஓட்டு அடுத்த விருப்பத்துக்கு நகரும். கடைசியில் இருப்பவர் கழிந்தால் அவர் ஓட்டும் நகரும். 47 பேர் சேர்ந்து நின்றால் நாலு இடத்தை யாராலும் பறிக்க முடியாது. 9-0 என்பது 5-4 ஆகிறது. அயர்லாந்தில் 1920-களிலிருந்து நாடாளுமன்றத் தேர்தலே இப்படித்தான். 1959-இலும் 1968-இலும் ஆளுங்கட்சி இதை மாற்றப் பார்த்தது. இரண்டு தடவையும் மக்கள் ஓட்டெடுப்பில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எண்ணுவது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான், மிச்ச ஓட்டை நகர்த்துவதற்குப் பொறுமை வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் இன்னொரு எளிய வழி: இடம் ஒன்பதாகவே இருக்கட்டும், டிக் மட்டும் ஆளுக்கு ஐந்து. இரு அணியும் ஐந்தைந்து பேரை நிறுத்தினால் 53 பக்கம் ஐந்து, 47 பக்கம் நாலு. கையாலேயே எண்ணிவிடலாம். ஆனால் 70-30 என்று இருந்தால், 70 பக்கம் சாமர்த்தியமாக ஓட்டைப் பிரித்துப் போட்டு ஒன்பதையும் அள்ளிவிட முடியும். மாற்று வாக்கில் அந்த விளையாட்டு செல்லாது. 30 பேருக்கு உரிய இரண்டு இடமாவது நிச்சயம்.

இன்னொன்று. எதை முடிவு செய்தாலும் வேட்புமனு வாங்குவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். போன கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் என் காதில் கேட்டார்: "எந்த முறை வந்தா நம்ம பக்கத்துக்கு லாபம்?" இப்போதைக்கு யார் நிற்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வர முடிந்தது. பெயர்ப் பட்டியல் வந்த பிறகு கேட்டிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ!

நாலாவது கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. நாற்பது மாதிரிச் சீட்டு எழுதி எடுத்துப் போகிறேன். எல்லோர் முன்னிலையிலும் மாற்று வாக்கு முறையில் எண்ணிக் காட்டுவேன். அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தால் ஐந்து டிக் முறைக்கு முதல் ஆளாக நானே கை தூக்குகிறேன்.