குளிர் ஊரிலும் பம்ப் ஓடியே ஆக வேண்டும்
நுவரெலியாக் குளிரில், நீரால் குளிரூட்டும் கணினியின் பம்பையும் விசிறியைப் போலவே சிபியு (கணினியின் மையச் செயலி) வெப்பநிலைக்கேற்ப ஏற்றி இறக்கலாம், வேலையில்லாதபோது நிறுத்தியும் வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான வழிகாட்டல். குளிர்காற்று உதவுவது, நீரின் வெப்பத்தைக் காற்றில் விடும் ரேடியேட்டருக்குத்தான். நீரோட்டம் நின்றால் சிபியுவின் வெப்பம் அங்கே போய்ச் சேராது. ஒரு மென்பொருளைத் திறந்தாலே சிபியு வெப்பநிலை நொடியில் பத்துப் பாகை தாவிவிடலாம், நீரின் வெப்பநிலையோ மெல்லத்தான் ஏறும் என்பதால், பம்பை இரைச்சல் உறுத்தாத ஒரே வேகத்தில் ஓடவிட்டு, விசிறிகளை மட்டும் நீரின் வெப்ப உணரியைப் பின்பற்றச் செய்வதே முறை. அந்த உணரிக்கான இரண்டு ஊசி இணைப்பு எல்லா மதர்போர்டிலும் இருக்காது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் பம்பின் வேகம் 2,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று தெரிவதாலேயே நீர் ஓடுகிறது என்று முடிவுகட்டவும் வேண்டாம். குழாய் மடங்கிக் கிடந்தாலும் மோட்டார் சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஓட்டத்தை அளக்கத் தனி உணரி வேண்டும்.