"கழற்றியதற்கு எதிர் வரிசையில் மாட்டவும்" என்று எழுதினவர் ஒரு தடவை மாட்டிக் காட்டட்டும்

விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஸ்பிரிங். அதன் கொக்கியை ஒரு ஓட்டையில் போடுவதற்குள் என் ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் போய்விட்டது. பின்சக்கர டிரம் பிரேக்கில் ஷூ, அதாவது சுழலும் டிரம்மை உள்பக்கமிருந்து உரசி நிறுத்துகிற வளைந்த கட்டை, மாற்றுகிற வேலை. டிரம்மைக் கழற்றி, பழைய ஷூவை எடுத்து, தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்ததெல்லாம் 1 மணி நேரம்தான். மிச்சம் முழுக்க, இரண்டு ஷூவையும் உள்ளே இழுத்துப் பிடிக்கிற அந்த மேல் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டு. வண்டியின் கையேட்டைப் புரட்டினால் இதற்கு ஒரே ஒரு வரி: கழற்றியதற்கு எதிர் வரிசையில் மாட்டவும். படித்ததும் வயிறு எரிந்தது.

கழற்றுவதும் மாட்டுவதும் ஒன்றா? கழற்றும்போது கொக்கியை நெம்பிவிட்டால் ஸ்பிரிங் தானே சுருங்கிக்கொள்ளும். மாட்டும்போது அத்தனை இழுவையையும் நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த மாதிரி ஸ்பிரிங்கில் சும்மா கிடக்கும்போதே சுருள்கள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு அளவு பலம் ஏறும்வரை மயிரிழைகூடத் திறக்காது. திறந்தபிறகு இழுக்க இழுக்க முறுக்கு ஏறிக்கொண்டே போகும். கடைசி 5 மில்லிமீட்டரில்தான் உயிர் போகிறது. கை நுழையாத இடமும் அதுதான்: முன்னால் சக்கரம் மாட்டுகிற ஹப், பின்னால் தட்டு, நடுவில் ஹேண்ட்பிரேக் லீவர்.

கேட்டால் ஆளாளுக்கு ஒரே பதில், "மூக்கு பிளையர் போதும்." போதாது! பிளையரின் வாய் வழுவழுப்பான கம்பியில் வழுக்கும். வழுக்கினால் கொக்கி கண்ணைப் பார்த்துத்தான் வரும். கண்ணாடி போட்டிருந்ததால் எனக்கு நெற்றியில் ஒரு கீறலோடு போயிற்று. வழுக்காமல் இறுக்கிப் பிடித்தாலோ, பிளையரின் பல் கம்பியில் தடம் பதித்துவிடும். அந்தத் தடத்தில்தான் பிற்பாடு விரிசல் விழும். நான் கழற்றிய பழைய ஸ்பிரிங்கிலேயே அது இருந்தது. கொக்கி வளைகிற இடத்தில் வரிசையாக நாலு பல் தடம், ஒன்றில் நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவுக்கு விரிசல். முன்பு வேலை பார்த்தவர் அப்படித்தான் இழுத்திருக்கிறார். அது முறிந்திருந்தால் ஷூ திரும்பி வராமல் டிரம்மிலேயே தேய்ந்து சூடேறியிருக்கும். பிரேக்கில் கை வைக்கிறவர் செய்கிற வேலையா இது?

இதற்கென்றே கருவி இருக்கிறது. நுனியில் கொக்கி வைத்து, பிடி போட்ட ஒரு கம்பி, பெரிய செலவும் இல்லை. பிரேக் ஸ்பிரிங் பிளையர் என்று தனியாகவும் உண்டு, அது ஸ்பிரிங்கைக் கடிக்காமல் கொக்கியை மட்டும் இழுக்கும். இதன் பெயரைக்கூடக் கையேடு சொல்லவில்லை.

அதைவிடக் கோபம், வரிசையைச் சொல்லாதது. முதலில் ஹேண்ட்பிரேக்கை முழுசாக விட்டு, இரண்டு ஷூவுக்கும் இடையில் இருக்கிற அட்ஜஸ்டரைத் திருகி அதன் நீளத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். இரண்டு ஷூவும் உள்ளே நெருங்கிவிடும், இழுக்க வேண்டிய தூரமே குறைந்துவிடும். இதைச் செய்யாமல் 3 மணி நேரம் முட்டியிருக்கிறேன்! பிறகு மெல்லிய, உறுதியான நைலான் கயிற்றைக் கொக்கியின் வளைவில் மடித்துப் போட்டு, இரண்டு முனையையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரில் சுற்றி நேர்கோட்டில் இழுத்தேன். மற்றக் கையின் கட்டைவிரலால் கொக்கியை ஓட்டைக்குள் தள்ளினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. கயிற்றின் ஒரு முனையை விட்டு மறுமுனையை இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது, கம்பியில் ஒரு கீறல் இல்லை.

கயிறுகூட நுழையாத இடத்துக்கு வாஷர் வழி உண்டு. ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் வளைத்தால் வெளிப்பக்கம் சுருள்கள் திறக்கும், அங்கே மெல்லிய வாஷர்களைச் செருகவும். மறுபக்கம் வளைத்து அங்கேயும் செருகவும். ஸ்பிரிங் நீண்டே நிற்கும். மாட்டிவிட்டு ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். அளவு மீறி விரித்தால் ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பாது, அது குப்பைக்குத்தான்.

மறுபக்கச் சக்கரத்துக்கு எனக்கு ஆனது 20 நிமிடம். இவ்வளவையும் எழுத அரைப் பக்கம் போதும். டயருக்குக் காற்றடிக்கப் பக்கம் பக்கமாகப் படம் போட்ட அந்தக் கையேட்டில், வண்டியை நிறுத்துகிற பிரேக்குக்கு அந்த அரைப் பக்கம் இல்லை.