காலரா நமக்கு முடிந்துபோன கதை இல்லை

கொள்ளைநோய்களின் வரலாற்றை யார் பேசினாலும் ஐரோப்பாவின் பிளேக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1347இல் நுழைந்து நாலைந்து வருஷத்தில் அந்தக் கண்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கையாவது வாரிக்கொண்டு போன நோய், பேசத்தான் வேண்டும். 1918இன் விஷக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் உயிர்களை எடுத்தது, அதையும் பேச வேண்டும். ஆனால் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம் முதலில் பேச வேண்டியது காலராவைத்தான். ஆற்றில் சாக்கடை கலந்துகொண்டே இருக்கும் வரை அந்தக் கதை நமக்கு முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருநெல்வேலிச் சீமைக்குக் கொள்ளைநோய் புதிதல்ல. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி என்று ஒரு காய்ச்சல் பரவி, அதன் காரணத்தை விசாரிக்கச் சென்னை அரசாங்கம் மருத்துவர்களைக் கொண்ட ஒரு குழுவே போட்டது. அடுத்த சில வருஷங்களில் காலரா. 1817இல் வங்காளத்தின் ஜெசூர் பக்கம் கிளம்பியது, பட்டாளத்தோடும் யாத்ரீகர்களோடும் வியாபாரிகளோடும் நடந்து, 1818 முடிவதற்குள் இலங்கை வரை போய்விட்டது. அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம். பட்டினியில் கிடந்த உடம்புகளைக் காலரா சுலபமாக எடுத்துக்கொண்டது. 1900ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இந்தியாவில் காலராவில் இறந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல்.

இந்த நோயின் வேகத்தை நம் தலைமுறை பார்த்ததில்லை. கிருமி விடுகிற நச்சு, குடலை மடை திறந்த வாய்க்கால் மாதிரி ஆக்கிவிடுகிறது. கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட உடம்பை விட்டுப் போகும். கண் குழி விழுந்து, விரல் நுனி சுருங்கி, காலையில் வயலுக்குப் போன ஆள் விளக்கு வைப்பதற்குள் இல்லை என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். அந்தக் காலத்தில் ஊரைக் காலி செய்து போனார்கள், அம்மனுக்குக் கொடை நேர்ந்தார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1884இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்த பிறகும், மியூனிக்கின் பெரிய பேராசிரியர் பெட்டன்கோஃபர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1892இல் அந்தக் கிருமியையே கரைத்துக் குடித்துக் காட்டினார். ஏதோ, பிழைத்துக்கொண்டார். படித்தவர்களே அப்படி இருந்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அம்மன் வாசலில் விழுந்து அழுததில் என்ன தப்பு?

அதே 1892இல் நடந்த ஒன்றை நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஜெர்மனியில் எல்பா ஆற்றின் கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று ஒட்டி ஒட்டி இரண்டு ஊர்கள். பாளையங்கோட்டையும் டவுனும் போல என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே தெருவின் இரு பக்கமும் இரண்டு ஊராக இருந்த இடமும் உண்டு. இரண்டு ஊரும் குடித்தது எல்பாத் தண்ணீர்தான். பார்க்கப்போனால் ஆல்டோனா எடுத்தது இன்னும் மோசமான தண்ணீர், ஹாம்பர்க்கின் சாக்கடை விழுந்த பிறகு கீழே வருகிற தண்ணீர். ஆனால் ஆல்டோனா அதை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. பணக்கார ஹாம்பர்க் செலவுக் கணக்குப் பார்த்து, வடிகட்டும் திட்டத்தை வருஷக்கணக்காக இழுத்தடித்தது. ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களில் ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் செத்தார்கள். அந்த எல்லைத் தெருவிலேயே ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப் பக்கம் தப்பித்தது. அடுத்த வருஷமே ஹாம்பர்க்கில் வடிகட்டும் நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பணம் முந்தின வருஷம் எங்கே இருந்தது?

நம் நாட்டு மருத்துவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் தண்ணீரில் கரைத்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மெடிக்கலில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஓஆர்எஸ் பாக்கெட்டின் பின்னால் இருப்பது அந்த முகாம்.

ஆனால் ஓஆர்எஸ் நோய் வந்த பிறகு காப்பாற்றுவது. வராமல் காப்பாற்றுவது தண்ணீர். பாபநாசத்தில் இறங்கிப் புன்னக்காயலில் கடல் சேர்கிற நம் ஆறு, வழியெல்லாம் ஊர்ச் சாக்கடையை வாங்கிக்கொண்டுதான் போகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போன வழக்கு இது. குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றாலே யாருக்கும் தெரியும். இதே ஆற்றின் உறைகிணறுகளிலிருந்துதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் குடிநீர் போகிறது.

"குளோரின் போடுகிறார்களே அண்ணாச்சி, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. குளோரின் நம்மைக் காப்பாற்றி வருகிறது, உண்மை. ஆனால் டெல்லியில் 1955இல் வெள்ளத்துக்குப் பிறகு யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே சாக்கடை வந்துவிட்டது. குளோரினைக் கூட்டித்தான் போட்டார்கள். அப்படியும் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. கர்ப்பிணிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். கரீபியன் நாடான ஹைட்டியில் ஒரு நூற்றாண்டாகக் காலரா பதிவாகாமல் இருந்தது. 2010இல் ஐநா அமைதிப்படை முகாமின் கழிவு ஒரு ஆற்றில் கலந்தது, பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். ஐநா மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை, குழாய்கள் உடைந்தன, எது ஆறு எது சாக்கடை என்று தெரியாமல் ஓடியது. அன்று பெரிய நோய் எதுவும் கிளம்பாமல் பார்த்துக்கொண்ட சுகாதாரப் பணியாளர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவர்கள் முதுகில் எத்தனை வெள்ளத்தைத்தான் ஏற்றுவோம்?

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் ஊரில் தினமும் எவ்வளவு கழிவுநீர் வருகிறது, அதில் எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறது, மீதி எங்கே போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தெருக்கோடியில் இருக்கிற கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று கேளுங்கள். குடிநீர்ப் பரிசோதனை முடிவை வாராவாரம் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டுக்கும் லைட்டுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.