எத்தனை எபிசோட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முடிவு என்னவென்று தெரிந்துகொண்டுதான் ஒரு தொடரின் முதல் காட்சியையே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் பாதிதான் சரி என்று படுகிறது.

'லாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் தொடங்கியது. தீவில் விழுந்த விமானம், காட்டுக்குள் ஏதோ ஒன்று, வாரத்துக்கு ஒரு புது முடிச்சு. மூன்றாவது சீசன் வரைக்கும் எப்போது முடிக்கப்போகிறோம் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாது, நன்றாக ஓடுகிற தொடரை எந்த சேனல் நிறுத்தும்? அதனால் ஜவ்வு மாதிரி இழுத்தார்கள். நாயகன் ஜாக் எங்கே பச்சை குத்திக்கொண்டான் என்று சொல்ல ஒரு முழு எபிசோட்! அதை யார் கேட்டது? நாம் கேட்ட கேள்விகளெல்லாம் அப்படியே கிடந்தன. 2007 மே மாதம், இன்னும் 48 எபிசோட்தான், 2010-இல் முடித்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். அதே மாதம் வந்த சீசனின் கடைசி எபிசோடில், வழக்கம்போல பழைய கதை என்று நாம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது தீவிலிருந்து தப்பித்த பிறகு நடப்பது என்று தெரிந்தபோது நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். தொடரின் கடைசி முடிவில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு கதைக்கு ஒரு வேகம் வந்தது உண்மை.

சரி, முடிவையே முன்னாடி எழுதி வைத்துக்கொண்டால்? அதுவும் ஆபத்துதான். 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' நகைச்சுவைத் தொடர்தான், இருந்தாலும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) சோபாவில் உட்கார்ந்து அப்பாவின் கதையைக் கேட்கும் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்று அவர்களுடைய கடைசிக் காட்சியை இரண்டாவது சீசன் காலத்திலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். தொடர் 2014 வரை, ஒன்பது சீசன் ஓடியது. அதற்குள் பாத்திரங்கள் வேறு மனிதர்களாக மாறிவிட்டார்கள். கடைசி சீசன் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கல்யாணத்தைக் காட்டிவிட்டு, இறுதி எபிசோடில் கொஞ்ச நேரத்திலேயே அந்த ஜோடியைப் பிரித்தார்கள். ஏனென்றால் பிள்ளைகள் அப்பாவை அந்தக் கல்யாணப் பெண்ணிடமே போகச் சொல்லும் அந்தப் பழைய காட்சிக்குக் கதையை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தனை வருஷம் அந்த இரண்டு பேரோடு இருந்த எனக்கு அது நிஜமாகவே வலித்தது.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது நீளம். 'பிரேக்கிங் பேட்' அப்படித்தான் முடிந்தது. கடைசிச் சுற்றுக்கு 16 எபிசோட் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்கள். அந்தச் சுற்றின் முதல் காட்சியில் நாயகன் வால்டர் காரின் டிக்கியில் ஒரு பெரிய இயந்திரத் துப்பாக்கியைப் பார்ப்பார். அது எதற்கு என்று அதை எழுதும்போது அவர்களுக்கே தெரியாதாம், தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்னும் எத்தனை எபிசோடுக்குள் அது வெடித்தாக வேண்டும் என்று தெரியும். அந்தக் கணக்கு இருந்ததால்தான் உட்கார்ந்து மண்டையை உடைத்து அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். கணக்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் துப்பாக்கி அடுத்த சீசன், அதற்கடுத்த சீசன் என்று டிக்கியிலேயே கிடந்திருக்கும்.